விலைபோகாத குரல்: தியாகி விசுவநாததாஸ்

முன்னுரை

தமிழ் படித்தால் பிழைக்க வழியுண்டா என்னும் வினாவை எதிர்கொள்ளாத தமிழாசிரியர் இலர். ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கையின்போது பெற்றோர் இதனைத் தயக்கத்தோடு கேட்கின்றனர். மாணவர் வாய்திறந்து கேளாமல் முகத்தில் காட்டுகின்றனர். தீப்பெட்டி ஒட்டியும், சரம் பின்னியும், அச்சகங்களில் தாள் அடுக்கியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் நிறைந்த வட்டாரம் நம்முடையது. அவர்கள் வருவாயைப் பற்றிக் கேட்பதில் குற்றம் காண்பதற்கில்லை. பசியறிந்தவர் கேட்கும் வினா அது.

எனினும் அவ்வினாவிற்கு விடைதேடும் போதெல்லாம் என் நெஞ்சில் ஒருவர் நினைவு எழும். நம் சிவகாசி மண்ணில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்து, சென்னை நாடகமேடையில் உயிர்நீத்த தியாகி விசுவநாததாஸ் அவர்களே அவர். விரும்பிய தொழிலுக்காகப் பொருளை இழந்தவர் என்று அவரை ஒரே வரியில் கூறிவிடுவர் பலர். அது முழு உண்மை ஆகாது. அவர் விரும்பிய தொழில் அவருக்குப் பொருளையும் தந்தது, புகழையும் தந்தது. அப்பொருள் எவ்விடத்தில் அவருடைய குறிக்கோளுக்கு விலை பேசியதோ, அவ்விடத்தில்தான் அவர் அதனை வேண்டாவென்று ஒதுக்கினார். இவ்வேறுபாட்டை மாணவர்கள் உணர்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் சூழலும்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். அந்நாளில் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுள் சேர்ந்தது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட இன்றைய மாவட்டம் 1985இல் அமைந்தது.

இன்று சிவகாசி என்றவுடன் நம் நினைவிற்கு வரும் தீப்பெட்டியும் பட்டாசும் நாட்காட்டியும் அன்று இல்லை. வானம் பார்த்த கரிசல் நிலமும், பருத்தியும், கம்பும் சோளமும், மழை பொய்த்தால் பஞ்சமுமே அன்றைய சிவகாசி. சாதிப்பூசலும் அன்று கடுமையாக இருந்தது. கோயில் நுழைவு குறித்து எழுந்த பகை முற்றி, 1899ஆம் ஆண்டு சிவகாசியில் பெருங்கலவரம் வெடித்து உயிர்கள் பலவற்றைப் பலிகொண்டது. அப்போது விசுவநாததாஸுக்கு வயது ஏறத்தாழப் பதின்மூன்று.

அவர் பிறந்தது மருத்துவர் குலத்தில். முடிதிருத்துதலும், நாட்டு மருத்துவமும், பிள்ளைப்பேறு பார்த்தலும் அக்குலத்தாரின் தொழில்களாக இருந்தன. பிறப்பு முதல் இறப்பு வரை எந்த வீட்டுச் சடங்கும் அவர்களன்றி நிகழ்ந்ததில்லை. ஆயினும் அவ்வீடுகளின் திண்ணையில் சரிக்குச் சமமாய் அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை. இதனை ஊர் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது.

ஒன்றை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். குலத்தொழில் இழிவாகக் கருதப்பட்டதேயன்றி, அதில் ஒருவகைப் பாதுகாப்பும் இருந்தது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலிருந்து ஊருக்கு உழைத்தவர்க்குரிய தானியப் பங்கு வந்துசேரும். பெரிய வாழ்வு இல்லையாயினும் அடுப்பு அணையாது. இன்று நாம் மாதச் சம்பளம் என்று மதிப்பதற்கு நிகரான உறுதி அன்று அத்தானியத்தில் இருந்தது. குரல்வளம் படைத்த அச்சிறுவன் அந்த உறுதியை விட்டு, எந்த உறுதியும் இல்லாத நாடகமேடையை நாடினான். அவன் வாழ்வின் முதல் தேர்வு அதுவேயாகும்.

நாடகம் அழைத்தது

நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்கவும் வீடு வாடகைக்கு விடவும் தயங்கிய காலம் அது. எனினும் தமிழ்நாடகம் அப்போது புதுவாழ்வு பெற்றுக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமானவர்களுள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார். 1867இல் தூத்துக்குடிக்கு அருகில் பிறந்த அவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை பார்த்தவர். நிலையான அவ்வேலையைத் தம் இருபத்து நான்காம் வயதில் உதறிவிட்டு நாடகத்திற்கு வந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய பல நாடகங்களை எழுதினார். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். 1922இல் புதுச்சேரியில் காலமானார். கணக்கேட்டை மூடிவைத்த ஒருவர் எழுதிய நாடகங்களே தென்னாட்டு நடிகர் பல நூற்றுவர்க்குச் சோறிட்டன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

விசுவநாததாஸ் புகழ்பெற்றது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையிலாகும். நிலையான கம்பெனி ஒன்றில் சேர்ந்து நடிப்பது வேறு. ஸ்பெஷல் நாடகம் வேறு. இதில் நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுவர். ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோரூரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறோரூரிலிருந்தும் வந்து சேர்வர். ஒத்திகை என்பது கிடையாது. நாடகப் பாடம் அனைவர்க்கும் மனப்பாடம். இரவு தொடங்கும் நாடகம் விடியும்வரை நடைபெறும். ஒலிபெருக்கி பரவாத காலமாதலால் கடைசி வரிசையில் அமர்ந்தவன் செவியிலும் விழும்படி பாடும் தொண்டையே நடிகனின் மூலதனம். பாட்டிலும் தர்க்கத்திலும் எதிராளியை மடக்கும் புலமையும் வேண்டும்.

இத்தகைய மேடையில் விசுவநாததாஸ் ராஜபார்ட் நடிகராக உயர்ந்தார். முருகனாகவும் கோவலனாகவும் அரிச்சந்திரனாகவும் தோன்றும் வேடங்கள் அக்கால ராஜபார்ட்டுக்குரியவை. அவற்றுள் வள்ளி திருமணத்து முருகன் வேடமே அவர் பெயரோடு இணைந்து நிலைபெற்றது. அவர் பெயர் அச்சிட்ட துண்டு நோட்டீஸைக் கண்டால் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு மக்கள் வருவர். என் பாட்டனார் சிறுவராக இருந்தபோது நாடகம் பார்க்கச் சென்ற கதைகளை என் அத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அரங்கில் கதைக்காகக் காத்திருந்தவரைவிட, கதையின் நடுவே வரப்போகும் தேசப் பாட்டிற்காகக் காத்திருந்தவரே மிகுதி என்பது அவர் சொன்ன செய்தி. சமயம் கடந்து அனைவரும் அப்பாட்டிற்காக விழித்திருந்தனர் என்பதில் எங்கள் வீட்டார்க்கு ஒரு பெருமை உண்டு.

குறிக்கோள் பிறந்தது

பாடவேண்டும், நடிக்கவேண்டும் என்பது ஆர்வம். எதற்காகப் பாடவேண்டும் என்று தெளிவது குறிக்கோள். இவ்விரண்டும் ஒன்றல்ல. விசுவநாததாஸின் வாழ்வில் ஆர்வம் முன்னும் குறிக்கோள் பின்னுமாக வந்தன.

அவர் இளைஞராய் இருந்தபோது தென்பாண்டி நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் அவர் சிறைப்பட்டபோது திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1919இல் ஜாலியன் வாலாபாக் படுகொலை நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டு காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். இக்காற்றைச் சுவாசித்த விசுவநாததாஸ் காங்கிரஸில் சேர்ந்து கதர் உடுத்தினார். தம் குரலை நாட்டிற்கு உரியதாக்குவது என்று உறுதி பூண்டார்.

அக்காலத்தில் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். செய்தித்தாள் நகரத்துத் திண்ணைகளோடு நின்றுவிடும். தலைவர்களின் சொற்பொழிவு ஆண்டுக்கொருமுறை கேட்டால் பெரிது. நாடகமோ கொடை விழாவிற்கும் அறுவடை மகிழ்ச்சிக்கும் சிற்றூர் தோறும் நடப்பது. பல்லாயிரவர் இரவு முழுதும் அமர்ந்து கேட்பது. ஆகவே மேடையையே விடுதலையின் பள்ளிக்கூடமாக்கலாம் என்று கண்டவர்களுள் அவர் முன்னணியில் நின்றார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற கவிஞர்கள் தேசப் பாடல்களை எழுதித் தந்தனர். பஞ்சாபில் சிந்திய குருதியைப் பற்றியும், கதரின் உயர்வைப் பற்றியும், காந்தியடிகளைப் பற்றியும் எழுந்த அப்பாடல்கள் விசுவநாததாஸ் போன்றோரின் குரலேறி ஊர்தோறும் சென்றன.

கொக்கு என்னும் குறிப்பு

அவர் பாடியவற்றுள் கொக்கைப் பற்றிய பாட்டே இன்றளவும் முதியோர் நினைவில் நிற்பது. அதன் நுட்பத்தை இலக்கிய மாணவர்கள் அறிதல் நன்று. வள்ளி திருமணக் கதையில் தினைப்புனம் காக்கும் காட்சி உண்டு. கதிரைக் கொத்தவரும் பறவைகளை வள்ளி விரட்டுவாள். பறவையைப் பற்றிப் பாடுவதற்கு அங்கு இடமுண்டு. கதைக்கும் அது பொருந்தும். அப்பறவை வெள்ளை நிறக் கொக்கானால், கடல்கடந்து வந்து நம் விளைச்சலைக் கொத்திச் செல்லும் வெள்ளையன் அன்றி வேறு யார்?

சொல்லவந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்லி உணரவைப்பதை நம் இலக்கணம் உள்ளுறை என்றும் பிறிதுமொழிதல் என்றும் வகைப்படுத்தும். சங்கப் புலவர் காதலுக்குப் பயன்படுத்திய உத்தி, கரிசல் மண்ணின் நாடகக்காரர் நாவில் அரசியலுக்குப் பயன்பட்டது. எழுதப் படிக்க அறியாத மக்கள் அதன் பொருளை நொடியில் உணர்ந்தனர். மீண்டும் மீண்டும் பாடுமாறு வேண்டினர். முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த காவல்துறையினரும் அதனை உணர்ந்தனர். அதன் விளைவு சிறைவாசமாயிற்று.

சிறையும் சம்பளமும்

1876ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்றை இயற்றி, அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. விசுவநாததாஸ் மேல் அடக்குமுறை மீண்டும் மீண்டும் பாய்ந்தது. வேடத்தோடேயே மேடையில் கைதானதும் உண்டு. அவர் சிறைசென்றது 29 முறை எனக் கணக்கிடுவோர் உளர். எண்ணிக்கை எதுவாயினும், விடுதலையாகி வந்த கையோடு மறுபடியும் மேடையேறி அதே பாட்டைப் பாடினார் என்பதே அவரைப் பற்றி அனைவரும் ஒருமித்துக் கூறும் செய்தி. அவருடைய மூத்த மகனும் தந்தை வழியில் தேசப் பாட்டுப் பாடிச் சிறைசென்றவர் என்பர்.

ஒரு நடிகர் சிறைசெல்வதன் பொருளாதாரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வழக்கறிஞர் சிறைசென்றால் மீண்டுவந்து தொழில் நடத்தலாம். நிலமுடையவர் சிறைசென்றால் நிலம் விளைந்துகொண்டிருக்கும். ஸ்பெஷல் நாடக நடிகருக்கோ மேடையேறிய இரவிற்கு மட்டுமே ஊதியம். சிறையிலிருந்த இரவுகளுக்கு ஒன்றுமில்லை. நாடகம் கோடை மாதங்களில் மிகுதியாக நடைபெறும், மழைக்காலத்தில் ஓய்ந்துவிடும். பருவத்தில் கைதானால் ஓராண்டு வருவாயே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நாடகத்தை ஏற்று நடத்தும் காண்டிராக்டர் நடிகர்க்கு முன்பணம் கொடுத்து, கொட்டகை போட்டு, நோட்டீஸ் அடித்து, விளக்கு வாடகை தந்து, டிக்கெட் விற்றபின் கடைசி நேரத்தில் தடையுத்தரவு வந்தால் முழு இழப்பும் அவர் தலையில் விழும். ஆகவே விசுவநாததாஸைப் போற்றியவர்களுங்கூட அவரை ஒப்பந்தம் செய்ய அஞ்சினர். பாட்டைக் கேட்க மக்கள் திரண்டனர். பாட்டிற்குப் பொறுப்பேற்கச் சிலரே துணிந்தனர். தியாகம் என்று நாம் ஒரு சொல்லில் அடக்குவது, அன்றாட வாழ்வில் இத்தகைய சிறுசிறு இழப்புகளாகவே வந்து சேர்ந்தது.

மேடையிலும் தீண்டாமை

வெளிப்பகை இதுவானால் உட்பகை வேறு. முருகனாக அவர் மேடையில் தோன்றும்போது கைகூப்பிய மக்கள் பலர், வேடம் கலைந்தபின் அவர் குலத்தை நினைத்தனர். அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். வள்ளி இல்லாமல் வள்ளி திருமணம் எங்ஙனம் நடைபெறும்? பாட்டில் குறையில்லை, நடிப்பில் குறையில்லை. பிறப்பு ஒன்றையே காரணமாக்கித் தொழிலை முடக்கினர்.

இந்நிலையில் துணிந்து முன்வந்து அவரோடு நடித்தவர்களுள் கே.பி.ஜானகியம்மாள் குறிப்பிடத்தக்கவர். மதுரையைச் சேர்ந்த அவ்வம்மையார் தாமும் விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறைசென்றவர். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, 1967இல் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமக்கு வாய்ப்புக் குறையும் என்று தெரிந்தும் அவர் செய்த அச்செயல், ஒருவர் குறிக்கோளை மற்றொருவர் துணிவு காத்து நிற்கும் என்பதற்குச் சான்றாகும். தனிமனிதர் உறுதி பெரிது. ஆயினும் தனிமனிதர் எவரும் தனியே வென்றதில்லை.

கடனும் அழைப்பும்

1931இல் காளிதாஸ் என்னும் பேசும்படம் வெளிவந்தது. அதன்பின் நாடகமேடையின் பொற்காலம் மெல்ல மங்கலாயிற்று. நடிகர் பலர் சினிமாவிற்குச் சென்றனர். இரசிகரும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். சிறையாலும் தடையாலும் முன்னமே நலிந்திருந்த விசுவநாததாஸ் கடனில் ஆழ்ந்தார். திருமங்கலத்து வீடும் கடனுக்கு ஈடாயிற்று. ஒருகாலத்தில் தங்கப் பதக்கங்களும் பணமுடிப்பும் பெற்றவர், கடன்காரர் வரும் வழியைப் பார்த்து நாட்களைக் கழிக்கலானார்.

இவ்வேளையில்தான் அவர் வாழ்வின் பெருஞ்சோதனை வந்தது. தேசியப் பிரசாரத்தைக் கைவிட்டு எதிரணிக்கு ஆதரவாகப் பாடினால் கடன் முழுவதும் தீர்க்கப்படும், மாதந்தோறும் பெருந்தொகையும் கிடைக்கும் என்று அவருக்கு அழைப்பு வந்ததாக அவருடைய வரலாற்றைக் கூறுவோர் உரைப்பர். அவர் அதனை ஏற்கவில்லை.

இம்மறுப்பை நாம் மேலோட்டமாகப் பாராட்டிவிட்டுச் செல்லுதல் தகாது. அவரிடம் யாரும் பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மேடையை விட்டு இறங்கச் சொல்லவில்லை. நடிப்பு என்னும் ஆர்வம் மட்டுமே அவரிடம் இருந்திருப்பின் அவ்வழைப்பை ஏற்பதில் ஒரு தடையும் இல்லை. குரல் அதே குரல், மேடை அதே மேடை, பணமோ பன்மடங்கு. மாறவேண்டியது பாட்டின் பொருள் மட்டுமே. அந்த ஒன்றை அவர் தர மறுத்தார். தம் குரலுக்கு ஊதியம் வாங்குவதை அவர் இழிவாகக் கருதியதில்லை. அது அவர் உழைப்பின் பயன். தம் குரல் சொல்லும் பொருளுக்கு விலைவாங்குவதையே இழிவெனக் கருதினார். குறிக்கோளுடையவர் யார் என்பதற்கு இதனினும் தெளிந்த அளவுகோல் வேறில்லை.

எனினும் உண்மையை மறைக்காமல் எழுதுவதே வரலாறு. அம்மறுப்பின் விலையை அவர் ஒருவர் மட்டும் செலுத்தவில்லை. வீட்டிலிருந்தோரும் செலுத்தினர். கணவர் சிறையிலிருக்க அடுப்பெரித்த மனைவியும், கடன்காரர் குரலைக் கேட்டு வளர்ந்த மக்களும் மேடையேறவில்லை, மாலை பெறவில்லை. ஒருவர் பெயரைத் தியாகி என்று கல்லில் பொறிக்கும்போது, பொறிக்கப்படாத பெயர்கள் அதன் பின்னே நிற்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

மயில்மேல் அணைந்த விளக்கு

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. மக்களைக் கலக்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1940 அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராசர் அதன் தொடர்பாக அவ்வாண்டு டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அதே டிசம்பரில் விசுவநாததாஸ் சென்னைக்கு வந்தார். வயது ஐம்பத்து நான்கு. உடல் நலிந்திருந்தது. எனினும் கடன் தீரவேண்டும். பிறர் காட்டிய குறுக்குவழியை மறுத்தவர், தம் தொண்டையை நம்பியே கடனைத் தீர்க்க முனைந்தார். சென்னை ராயல் தியேட்டரில் நாடகங்கள் நடத்த ஏற்பாடாயிற்று. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 இரவு வள்ளி திருமணம் நடந்தது. முருகன் வேடம் புனைந்து, மயில் வாகனத்தின் மேல் அமர்ந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்தார். உயிர் பிரிந்தது.

முருகன் கோலத்தோடேயே அவர் உடல் சென்னை வீதிகளில் ஊர்வலமாக எடுத்துச்செல்லப்பட்டது என்பர். உயர்குலத்தார் என்று கூறிக்கொண்டோர் உடன்நடிக்கக் கூசிய அம்மனிதரின் இறுதிப் பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் பின்சென்றனர். நாடு விடுதலை பெற இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. கொக்கு பறந்தோடிய காட்சியைக் காண அவர் இல்லை. இன்று திருமங்கலத்தில் தமிழக அரசின் நினைவு இல்லம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இரு வழிகள்

இவ்விடத்தில் சிவகாசியின் மற்றொரு வரலாற்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவிற்குச் சென்றனர். மொழி தெரியாத ஊரில் தங்கித் தொழில் பயின்று மீண்டனர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. மழையற்ற மண்ணில் வேலைவாய்ப்புப் பெருகிற்று. விசுவநாததாஸ் மறைந்த 1940ஆம் ஆண்டில்தான் வெடிபொருள் விதிகள் புதிதாக வகுக்கப்பட்டு, உரிமம் பெற்றுப் பட்டாசு செய்யும் தொழில் இங்கு வேர்கொள்ள வழி பிறந்தது. அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. விபத்துகளில் பல உயிர்களைப் பலிகொண்டதும் உண்மை.

ஒரே காலத்தில், ஒரே மண்ணில் தோன்றிய இரு வழிகள் இவை. ஒன்று பொருளை ஆக்கியது. மற்றொன்று உணர்வை ஆக்கியது. முன்னதைத் தாழ்த்திப் பின்னதை உயர்த்துவது என் கருத்தன்று. கல்கத்தா சென்ற இளைஞர்களும் ஊரில் கிடைத்த கடைத்தொழிலோடு நின்றுவிடாமல், அறியாத ஒன்றைத் தேடிச்சென்றவர்களே. குறிக்கோள் வகுத்து அதனைப் பின்தொடர்ந்தமையில் இரு சாராரும் ஒன்றே. தொழில் செய்வாரும் வேண்டும், பாடுவாரும் வேண்டும். பாடுவார் இல்லாத ஊரில் வெளிச்சம் இருக்கும், விழிப்பு இராது. உழைப்பார் இல்லாத ஊரில் பாட்டைக் கேட்கவும் ஆளிருக்காது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! விசுவநாததாஸைப் போல் கடன்படுங்கள் என்றோ, வீட்டை மறந்து விருப்பத்தின் பின்னே ஓடுங்கள் என்றோ இக்கட்டுரை உங்களுக்குச் சொல்லவில்லை. பெற்றோரின் விரலில் ஒட்டியிருக்கும் பசையையும் மருந்தின் கறையையும் மறந்துவிட்டு அடையும் உயர்வு உயர்வன்று. நேர்மையாக ஈட்டுங்கள், குடும்பத்தைத் தாங்குங்கள். விசுவநாததாஸ் தம் கடைசி இரவிலும் மேடையேறியது கடனைத் தம் உழைப்பால் தீர்ப்பதற்காகவும்தான் என்பதை நினைவில் வையுங்கள். கடமையை உதறியவராக அல்ல, கடமையைச் சுமந்தபடியே அவர் வீழ்ந்தார்.

ஆயினும் ஒன்றை இளமையிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். உங்களிடம் உள்ளவற்றுள் எதனை விற்கலாம், எதனை எவ்விலைக்கும் விற்கலாகாது என்பதே அது. நேரத்தை விற்கலாம், திறமையை விற்கலாம், உழைப்பை விற்கலாம். உலகம் அவ்வாறுதான் நடைபெறுகின்றது. நீங்கள் உண்மையென்று நம்பும் ஒன்றை மட்டும் விலைப்பட்டியலில் சேர்க்காதீர்கள். குறிக்கோள் என்பது நாம் அடையவிரும்பும் உயரம் மட்டுமன்று. நாம் இறங்க மறுக்கும் எல்லையும் ஆகும்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டிலும் எழுத்திலும் ஆய்விலும் ஆர்வங்கொண்ட பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், பிழைக்கத் தெரியாதவன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அவனுக்கு இரண்டாண்டு அவகாசமும் ஒருவேளைச் சோறும் நல்லதொரு சொல்லும் கொடுங்கள். விசுவநாததாஸின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தோர் பல்லாயிரவர். அவர் வீட்டுக் கடனைப் பகிர முன்வந்தோர் மிகச் சிலர். மேடையிலிருக்கும்போது கைதட்டி, மேடை விட்டிறங்கியபின் மறந்துவிடும் பிழையை நம் தலைமுறையும் செய்யலாகாது.

தமிழ் படித்தால் பிழைக்க வழியுண்டா என்று இனி எவரேனும் கேட்பின், உண்டு என்றே நான் விடையளிப்பேன். அதனோடு, எதற்காகப் பிழைக்கவேண்டும் என்பதையும் தமிழ் கற்பிக்கும் என்று சேர்த்துச் சொல்வேன். சிவகாசியில் பிறந்து, மயில்மேல் அமர்ந்தபடி பாட்டை முடிக்காமல் சென்ற அந்தக் குரல் அவ்விடைக்குத் துணைநிற்கும்.